எல்.எல்.ஆர் (ஓட்டிப் பழகறதுக்கான லைசென்ஸ்) தேர்வில் ஒரே மார்க்கில் போச்சு. கேள்விகள் எப்படி வரும், எப்படிப் படிக்கணும்?

தேவனாம்பட்டினம் தையல் | ஞாயிறு, இரவு 9.20

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 43 வயசு. வீட்டுல தையல் மெஷின் போட்டிருக்கேன். நூல், லைனிங் துணி, ஜிப்புன்னு வாரத்துல நாலு நாள் மஞ்சக்குப்பத்துக்கும் திருப்பாதிரிப்புலியூருக்கும் ஷேர் ஆட்டோவுல அலையுறேன். பெரியவ வேலைக்குப் போய் முதல் போனஸ்ல கியர் இல்லாத ஸ்கூட்டர் வாங்கிக் கொடுத்திருக்கா. வண்டி வந்து ரெண்டு மாசமா வாசல்ல நிக்குது. லைசென்ஸ் இல்லாம தொடக்கூடாதுன்னு அவ கண்டிப்பா சொல்லிட்டா.

ஆதார் கொடுத்து ஆன்லைன்ல போட்டோம். வயசு 40 தாண்டினதால டாக்டர்கிட்ட ஃபார்ம் 1ஏ, அதான் மருத்துவச் சான்று, வாங்கினேன். முதல்ல சாலைப் பாதுகாப்பு வீடியோ ஓடிச்சு. அப்புறம் தேர்வு. தமிழ்தான் எடுத்தேன். ஆனா தமிழே கஷ்டமா இருந்துச்சு, "இருப்புப்பாதைக் கடவு"ன்னா என்னன்னு யோசிக்கறதுக்குள்ள மேல ஓடுற நொடி முடிஞ்சிடுச்சு. ஒரே ஒரு மார்க்கில் போச்சு.

ராத்திரி முழுக்க மனசு சரியில்ல. மறுநாள் பக்கத்துல ஒரு நெட் சென்டருக்குப் போனா, "500 ரூபா கூட குடுங்கக்கா, நீங்க கேமராவைப் பாத்துட்டு உக்காருங்க, நான் க்ளிக் பண்ணிடறேன்"னு அந்தத் தம்பி சொல்றான். யோசிச்சுச் சொல்றேன்னு வந்துட்டேன்.

எத்தனை மார்க் எடுக்கணும், எதைப் படிக்கணும், திரும்ப எழுத எவ்வளவு? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

செம்மண்டலம் ரைடர் | ஞாயிறு, இரவு 9.48

அக்கா, கவலையே வேணாம். இது ஒரு சம்பிரதாயம்தான். நான் காலேஜ் முதல் வருஷத்துல அப்படித்தான் வாங்கினேன், வேற ஒருத்தர் க்ளிக் பண்ணார். நாலு வருஷமா பாண்டிக்கும் கடலூருக்கும் தினமும் ஓட்டுறேன், ஒரு கீறல் இல்ல. ரோட்டுல கத்துக்கறதுதான் ஓட்டுறது. அந்தக் கேள்விக்கும் ஓட்டுறதுக்கும் சம்பந்தம் இல்ல. 500-ஐக் குடுத்துட்டு வேலையைப் பாருங்க. உங்க நேரத்துக்கு அது மிச்சம்.

---

முதலியார்பேட்டை மாஸ்டர் | ஞாயிறு, இரவு 10.35

அம்மா, நான் புதுச்சேரியில் 26 வருஷம் டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுத்தவன். இப்போது ஓய்வு. நீங்கள் அந்த 500-ஐக் கொடுக்காமல் எழுந்து வந்ததற்கு முதலில் என் மரியாதை.

கேட்டதற்குப் பதில். இந்தத் தேர்வு மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் 11வது விதியில் வருகிறது. கேட்கப்படும் கேள்விகளில் 60 சதவீதம் சரியாக இருந்தால் போதும். 10 கேள்வி என்றால் 6, 15 என்றால் 9. எதைப் பற்றிக் கேட்கலாம் என்பதையும் அதே விதி நான்காகச் சொல்லிவிடுகிறது: சாலைச் சின்னங்கள், சிக்னல்கள், சாலை விதிகள் ஒன்று. விபத்து நடந்தால் ஓட்டுநரின் கடமை இரண்டு. ஆளில்லாத ரயில்வே கேட்டைக் கடக்கும் முறை மூன்று. வண்டியில் வைத்திருக்க வேண்டிய ஆவணங்கள் நான்கு. இதற்கு வெளியே இன்ஜின், கார்புரேட்டர் என்று எதுவும் படித்துக் குழம்ப வேண்டாம்.

கட்டணம் மத்திய விதிப்படி எல்.எல்.ஆருக்கு ஒரு வகை வண்டிக்கு 150, தேர்வுக்கு 50. தோற்றால் மறுதேர்வுக்கு அதே 50தான். 500 எங்கே, 50 எங்கே பாருங்கள்.

இன்னொன்று. உங்கள் ஆதார், உங்கள் போனுக்கு வந்த கடவுச்சொல், உங்கள் முகம், ஆனால் விடை வேறொருவருடையது. மோசடியாகப் பெற்ற லைசென்ஸை ரத்து செய்ய மோட்டார் வாகனச் சட்டத்தின் 19வது பிரிவில் இடம் இருக்கிறது. செம்மண்டலம் தம்பிக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கோபம் இல்லை தம்பி, என் பேரன் வயதுதான் உனக்கு.

எந்தெந்தக் கேள்வியில் தவறினீர்கள் என்று ஞாபகம் இருந்தால் எழுதுங்கள் அம்மா. அங்கிருந்து ஆரம்பிப்போம்.

---

தேவனாம்பட்டினம் தையல் | ஞாயிறு, இரவு 10.58

ரொம்ப நன்றி மாஸ்டர். ஞாபகம் இருக்கறது இவ்வளவுதான்:

வெள்ளைக் கோல் வச்சுக்கிட்டு ஒருத்தர் ரோட்டைக் கடக்கறார், என்ன பண்ணணும்? ஹாரன் அடிச்சு மெதுவா போகணும்னு போட்டேன்.

மாடு ஓட்டிட்டு வர்றவர் மாடு மிரளுதுன்னு வண்டியை நிறுத்தச் சொல்றார். மெதுவா போகணும்னு போட்டேன்.

ஒருவழிப் பாதையில எது கூடாது? ஓவர்டேக் பண்ணக் கூடாதுன்னு போட்டேன்.

வலது பக்க அம்புக்குறி படம் ஒண்ணு. வலது பக்கம் திரும்பணுமா, கூடாதா, வளைவு இருக்கான்னு மூணு பதில். எனக்கு மூணும் ஒண்ணாத் தெரிஞ்சுது.

---

முதலியார்பேட்டை மாஸ்டர் | ஞாயிறு, இரவு 11.40

தூக்கம் போனாலும் பரவாயில்லை, எழுதிவிடுகிறேன்.

அம்புக்குறியில் தொடங்குவோம். படத்தைப் பார்க்காதீர்கள், முதலில் சட்டத்தைப் பாருங்கள். படத்தைச் சுற்றியிருக்கும் வடிவத்தைச் சொல்கிறேன். வட்டம் என்றால் உத்தரவு. முக்கோணம் என்றால் எச்சரிக்கை. செவ்வகம் என்றால் தகவல். உங்கள் அம்பு முக்கோணத்துக்குள் இருந்தால் முன்னால் வலது வளைவு வருகிறது. சிவப்பு வளையத்துக்குள் குறுக்குக் கோட்டோடு இருந்தால் வலது பக்கம் திரும்பாதே. நீல வட்டத்தில் வெள்ளை அம்பாக இருந்தால் வலது பக்கம்தான் திரும்ப வேண்டும். ஒரே அம்பு, மூன்று சட்டம், மூன்று அர்த்தம். தையல்காரர் நீங்கள். ஒரே துணியைக் கழுத்துக்கு வெட்டினால் ஒன்று, கைக்கு வெட்டினால் ஒன்று இல்லையா, அதுபோல.

இந்தக் கணக்கில் அடங்காமல் இரண்டு நிற்கும். எண்கோணம் "நில்". தலைகீழ் முக்கோணம் "வழிவிடு". இரண்டும் உத்தரவுச் சின்னங்கள்தான். வடிவத்தை மாற்றி வைத்ததற்குக் காரணம் உண்டு: சேறு அடித்து எழுத்து மறைந்திருந்தாலும், பின்பக்கமிருந்து பார்த்தாலும்கூட அந்த வடிவம் வேறெதற்கும் கிடையாது.

நீல வட்டம், சிவப்பு விளிம்பு, ஒரு குறுக்குக் கோடு: பார்க்கிங் கூடாது. அதே வட்டத்தில் இரண்டு கோடு பெருக்கல் குறி மாதிரி: நிறுத்தவே கூடாது, ஆளை இறக்கிவிடக்கூட. இதில் நிறையப் பேர் தவறுவார்கள்.

வெள்ளைக் கோல். பார்வையற்றவர் கையில் வெள்ளைக் கோல் இருந்தால் அதையே "நில்" என்ற சின்னமாக எடுத்துக்கொண்டு வண்டியை நிறுத்த வேண்டும். ஹாரன் கூடாது. ஏன் என்று யோசித்துப் பாருங்கள். அவர் காதை நம்பித்தான் சாலையைக் கடக்கிறார். நீங்கள் ஹாரன் அடித்தால் அந்த ஒரு புலனையும் குழப்பிவிடுகிறீர்கள். எந்தப் பக்கம் நகர்வது என்று தெரியாமல் நடுரோட்டில் நின்றுவிடுவார்.

மாடு மிரளும் கேள்வி. நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். நம் பக்கத்தில் இது பழங்கதை இல்லை. பாகூர் பக்கம் காலையில் ஓட்டிப் பாருங்கள், பிடித்து வருபவர் கையைத் தூக்கினால் அவருக்கு மாட்டைப் பற்றித் தெரியும், உங்களுக்குத் தெரியாது.

ஒருவழிப் பாதை. அங்கே ஓவர்டேக் செய்யலாம். ரிவர்ஸ் எடுக்கக் கூடாது. புதுச்சேரியில் கடற்கரைப் பக்கம் பழைய பிரெஞ்சுத் தெருக்களில் வாரக்கடைசியில் நின்று பாருங்கள். வெளியூர் கார்கள் தங்கும் விடுதியைத் தாண்டிப்போய்விட்டு அப்படியே பின்னால் எடுப்பார்கள். பின்னால் வரும் சைக்கிள்காரர் அந்தப் பக்கமிருந்து ஒரு கார் தன்னை நோக்கி வரும் என்று எதிர்பார்க்கவே மாட்டார். ஒருவழி என்ற நம்பிக்கையில்தான் எல்லோரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு வருகிறார்கள்.

கடைசி மூன்றையும் பாருங்கள் அம்மா. மூன்றிலும் ஒரு ஆள் இருக்கிறார். கேள்வியைப் படிக்கும்போது அந்த ஆளைப் பார்த்துவிட்டீர்கள் என்றால் விடை தானே வரும். 26 வருஷமும் நான் இப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன்.

---

பரி நகர்ப் புதுவையான் | திங்கள், அதிகாலை 3.15

மாஸ்டர், பாரிஸிலிருந்து எழுதுகிறேன், அதனால்தான் இந்த நேரம். பிறந்தது புதுச்சேரி. வந்து 11 வருஷம் ஆகிறது.

இங்கே குடியேறிய பிறகு இந்திய லைசென்ஸில் ஒரு வருஷம்தான் ஓட்ட முடிந்தது. பிறகு முதலிலிருந்து எழுத வேண்டியிருந்தது. இங்கே எழுத்துத் தேர்வில் 40 கேள்விகள். 35 சரியாக இருக்க வேண்டும். ஐந்துக்கு மேல் தவறினால் தோல்வி. கேள்விக்கு 20 நொடி. கட்டணம் 30 யூரோ. ஒரு கேள்விக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சரியான விடை இருக்கலாம், எல்லாவற்றையும் குறித்தால்தான் மதிப்பெண், ஒன்றை விட்டால் சுழியம்.

புதுச்சேரியில் 9 வருஷம் ஓட்டிய நான் முதல் தடவை 31 எடுத்தேன். இரண்டாம் தடவை 34. அந்த 34-ஐப் பார்த்துவிட்டுத் தேர்வு அறைக்கு வெளியே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டேன். மூன்றாம் தடவை 38.

அந்த மூன்று மாதத்தில் எனக்குள் ஓடிய கேள்வியை இங்கே வைக்கிறேன். நம் ஊரில் 60 சதவீதம். அதாவது பத்தில் நான்கு தெரியாமலேயே ஒருவர் வண்டியை எடுத்துக்கொண்டு சாலைக்கு வரலாம். எந்த நான்கு? அது நில் சின்னமாக இருந்தால்? பாதசாரிக் கடவாக இருந்தால்? சின்னத்தின் நிறம் தெரியாதவரும், விபத்தில் என்ன செய்வது என்று தெரியாதவரும் ஒரே மதிப்பெண்ணில் தேறிவிடுகிறார்கள். இது போதுமா?

---

முதலியார்பேட்டை மாஸ்டர் | திங்கள், காலை 7.05

நல்ல கேள்வி. நானும் இதை வருஷக்கணக்காக மனதில் போட்டு உருட்டியிருக்கிறேன். என் பதில் உங்களுக்கு முழுக்கப் பிடிக்காது.

என்னிடம் பள்ளிக்கூடமே போகாதவர்கள் கற்றுக்கொள்ள வந்திருக்கிறார்கள். மீன் கூடை ஏற்றும் வண்டி ஓட்ட வேண்டும் என்று வந்த ஒருவருக்குத் தன் பெயரைத் தவிர எழுதத் தெரியாது. ஆனால் பனி மூடிய விடியலில் எதிரே வரும் விளக்கு லாரியா, பஸ்ஸா என்று தூரத்திலேயே சொல்லிவிடுவார். சரக்கு வண்டி, பயணி வண்டி ஓட்ட எட்டாம் வகுப்பு படித்திருக்க வேண்டும் என்று முன்பு விதி இருந்தது, 2019-இல் அதை எடுத்துவிட்டார்கள். நான் அதை வரவேற்றேன். 40-க்கு 35 என்று நாளைக்கே இங்கே வைத்தால் முதலில் வெளியே நிற்பவர் அவர்தான். அவர் ஓட்டாமல் இருக்க மாட்டார். லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுவார்.

ஆனால் உங்கள் "எந்த நான்கு" என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. நில், சிவப்பு விளக்கு, பாதசாரி, ரயில்வே கேட் என்று சில கேள்விகளைத் தவறவே கூடாதவை என்று தனியாக வைக்கலாம். எண்ணிக்கையை உயர்த்துவதைவிட அது நியாயம். வாய்மொழியாகக் கேட்கும் வசதியோடு சேர்த்துச் செய்தால் எழுதத் தெரியாதவருக்கும் அது தடையாக இருக்காது.

---

செம்மண்டலம் ரைடர் | திங்கள், காலை 9.30

மாஸ்டர் மேல மரியாதை இருக்கு. ஆனா ஒண்ணு கேக்கறேன். கேள்வித்தாள்ல "பாதசாரி காத்திருந்தா வண்டியை நிறுத்து"ன்னு சரியா க்ளிக் பண்றவன், வெளில வந்து அண்ணா பாலம் சிக்னல்ல நிறுத்தறானா? எல்லாருக்கும் பதில் தெரியும், யாரும் செய்யறதில்ல. அப்போ இந்தத் தேர்வு எதை அளக்குது?

---

இரவு டூட்டி நர்ஸ் | திங்கள், காலை 10.10

தம்பி, எல்லாருக்கும் பதில் தெரியும்னு சொல்லாதீங்க. தெரியல. நான் எமர்ஜென்சி வார்டுல இருக்கேன். இப்பதான் டூட்டி முடிஞ்சு வந்தேன்.

விபத்துல காயம் பட்டா ஓட்டுநர் என்ன செய்யணும்னு ஒரு கேள்வி வரும். வண்டியை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகணும், நிறுத்திட்டு ஸ்டேஷன்ல சொல்லணும், காயம்பட்டவருக்கு முதல்ல மருத்துவ உதவிக்கு ஏற்பாடு பண்ணிட்டு 24 மணி நேரத்துக்குள்ள பக்கத்து ஸ்டேஷன்ல தெரிவிக்கணும்னு மூணு விடை. மூணாவதுதான் சரி, சட்டத்துல 134வது பிரிவு. முதல்ல ஆஸ்பத்திரி, அப்புறம் ஸ்டேஷன். அந்த வரிசைதான் அந்தக் கேள்வியே.

எங்ககிட்ட வர்றவங்க எத்தனை பேர் இந்த வரிசையை மாத்திடறாங்க தெரியுமா? அடிச்சவர் பயந்து முதல்ல ஸ்டேஷனுக்கு ஓடிடறார், இல்ல வீட்டுக்குப் போன் போட்டு வக்கீலைத் தேடறார். அடிபட்டவர் ரோட்டோரம் கெடக்கறார். காயம் பட்டதுலேர்ந்து முதல் ஒரு மணி நேரத்தைச் சட்டமே "பொன்னான நேரம்"னு தனியா வரையறுத்து வச்சிருக்கு. ஜனங்க கூட்டமா அடிக்க வந்தா, இல்ல நம்ம கையை மீறின வேற காரணம் இருந்தா விதிவிலக்கு, அதையும் சட்டம் யோசிச்சிருக்கு.

வழியில போறவங்களுக்கும் சொல்லிடறேன். 2019 திருத்தத்துல 134ஏ பிரிவு வந்துச்சு. நல்ல மனசோட ஒருத்தரைத் தூக்கிட்டு வந்து சேர்த்தீங்கன்னா உங்க மேல வழக்கு கிடையாது. உங்க பேரைச் சொல்லுன்னு போலீஸ் கட்டாயப்படுத்த முடியாது. தூக்கிட்டு வாங்க. மத்ததை நாங்க பாத்துக்கறோம்.

---

பண்ருட்டி அப்பா | திங்கள், மதியம் 1.25

நடுவுல புகுந்ததுக்கு மன்னிக்கணும். என் பையனுக்கு 17 வயசு. டியூஷனுக்கு 110 சிசி ஸ்கூட்டர்ல போறான். 16 வயசுக்கே கியர் இல்லாத வண்டிக்கு எல்.எல்.ஆர் உண்டுன்னு சொல்றாங்களே, உண்மையா?

---

முதலியார்பேட்டை மாஸ்டர் | திங்கள், மதியம் 2.10

பாதி உண்மை. 16 வயதில் கொடுப்பது 50 சிசி வரை உள்ள வண்டிக்கு, அதுவும் பெற்றோர் சம்மதத்தோடு. கியர் இல்லை என்பது மட்டும் போதாது. 110 சிசிக்கு 18 வயது ஆக வேண்டும்.

ஐயா, இன்றைக்கே சாவியை வாங்கி வைத்துவிடுங்கள். 199ஏ பிரிவுப்படி சிறுவர் ஓட்டிப் பிடிபட்டால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. அதைவிடப் பெரியது பையனுக்கு 25 வயது ஆகும்வரை எல்.எல்.ஆர்கூடக் கிடைக்காது. படிப்பு முடித்து வேலைக்குப் போகும் வயதில் அவன் பஸ் நிறுத்தத்தில் நிற்க வேண்டும்.

---

பண்ருட்டி அப்பா | திங்கள், மதியம் 2.32

25 வயசு வரைக்கும்னு எனக்குத் தெரியவே தெரியாது. இன்னிக்கு சாயந்திரம் நானே கொண்டுபோய் விடறேன். நன்றிங்க.

---

ஆலப்பாக்கம் வழி | திங்கள், இரவு 8.45

ரெண்டு நாளா படிச்சுட்டு இருக்கேன். எழுதலாமா வேணாமான்னு யோசிச்சுத்தான் எழுதறேன்.

மாஸ்டர் சொன்ன அந்த மூணாவது பாடம், ஆளில்லாத ரயில்வே கேட். ஒரு தடவை என் தங்கச்சிக்குச் சொல்லிக்கொடுக்கும்போது "இந்தக் கேள்வியை விட்டுடு, இப்பல்லாம் ஆளில்லா கேட் எங்க இருக்கு"ன்னு சொன்னேன். அகலப்பாதையில இருந்த ஆளில்லாத கேட்டையெல்லாம் ரயில்வே 2019 ஜனவரிக்குள்ள எடுத்துட்டாங்க. நான் சொன்னது தப்பில்லன்னு நெனச்சேன்.

ஆனா எங்க ஊருக்கு அந்தப் பக்கம்தான் செம்மங்குப்பம். 2025 ஜூலை 8 காலையில ஸ்கூல் வேன் மேல ரயில் மோதி மூணு பிள்ளைங்க போனது அந்த கேட்டுலதான். அது ஆளிருந்த கேட். சிக்னலோட இணைக்காத கேட், அதாவது கேட்டை மூடினாதான் ரயிலுக்குச் சிக்னல் விழும்ங்கற ஏற்பாடு இல்லாதது. அன்னிக்குச் சாயந்திரம் எங்க தெருவுல யார் வீட்டுலயும் டிவி சத்தம்கூட இல்ல.

அதுக்கப்புறம் அந்தக் கேள்வியைத் திரும்பப் படிச்சேன். வண்டியை இடது ஓரமா நிறுத்து, இறங்கு, தண்டவாளம் வரைக்கும் நடந்து போ, ரெண்டு பக்கமும் ரயிலோ டிராலியோ வரலைன்னு பாத்துட்டு அப்புறம் கட. தங்கச்சியைக் கூப்பிட்டு அதை முதல் கேள்வியா படிக்கச் சொன்னேன்.

---

முதலியார்பேட்டை மாஸ்டர் | திங்கள், இரவு 9.30

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத முடியவில்லை.

சட்டத்தில் 131வது பிரிவு அது. நடத்துநரோ கிளீனரோ இருந்தால் அவர் இறங்கி முன்னால் நடந்து வண்டியைக் கடத்திவிட வேண்டும், யாரும் இல்லாவிட்டால் ஓட்டுநரே இறங்க வேண்டும். ஆளில்லாத கேட்டுக்காக எழுதியதுதான். ஆளுள்ள கேட்டில் இறங்கி நடக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் கேட் திறந்திருந்தாலும் வேகத்தைக் குறைத்து, பாட்டை அணைத்து, கண்ணாடியை இறக்கி, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் நான் தண்டவாளத்தில் ஏறுவேன். என்னிடம் படித்த எல்லோருக்கும் அப்படித்தான் பழக்கினேன். பின்னால் இருப்பவர் ஹாரன் அடிப்பார். அடிக்கட்டும்.

தையல் அம்மா, "இருப்புப்பாதைக் கடவு" என்று நீங்கள் திணறியது இதுதான். ரயில்வே கேட். அந்த ஒரு சொல்லுக்காக உங்கள் நொடிகள் போனது எனக்கு வருத்தமாக இருக்கிறது. தேர்வுத் தமிழில் இன்னும் சில சொற்கள் இருக்கின்றன, சொல்லிவிடுகிறேன். "முந்திச் செல்லுதல்" ஓவர்டேக். "பாதசாரிகள் கடக்கும் இடம்" நம் ஜீப்ரா கோடு. "சமிக்ஞை" சிக்னல். "வாகனத்தை நிறுத்தி வைத்தல்" பார்க்கிங். இந்தச் சொற்களை ஒரு தாளில் எழுதி மெஷின் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

---

செம்மண்டலம் ரைடர் | செவ்வாய், காலை 8.20

மாஸ்டர், நேத்து ராத்திரி தூக்கம் வரல. போக்குவரத்துத் துறை இணையதளத்துல மாதிரித் தேர்வு இருக்குல்ல, அதை எடுத்து உக்காந்தேன். நாலு வருஷம் ஓட்டுறவன், எல்லாம் சரியா வரும்னு நம்பினேன்.

மஞ்சள் விளக்கு விட்டு விட்டு எரிஞ்சா என்னன்னு கேட்டுச்சு. சிக்னல் ரிப்பேர்னு நெனச்சு இத்தனை நாளா அப்படியே போயிட்டு இருந்தேன். குறுகிய பாலத்துல எதிர்ப்பக்கம் ஒரு வண்டி ஏறப் போகுது, நீ என்ன பண்ணுவன்னு கேட்டுச்சு. ஹெட்லைட் போட்டு வேகமா போகணும்னு கை தானா போச்சு. ரோட்டுல நான் அதைத்தான் பண்றேன். ரெண்டும் தப்பு.

நான் தேறிட்டேன்தான். ஆனா தப்பா போனது எல்லாம் நான் தினமும் செய்யறது. அக்காவுக்கு நான் சொன்ன யோசனையைத் திரும்ப எடுத்துக்கறேன். அந்த மஞ்சள் விளக்கை மட்டும் சொல்லிடுங்க மாஸ்டர்.

---

முதலியார்பேட்டை மாஸ்டர் | செவ்வாய், காலை 8.55

தம்பி, இதை எல்லோர் முன்னாலும் எழுதியது பெரிய மனசு.

மஞ்சள் விட்டு விட்டு எரிந்தால் வேகத்தைக் குறை, இருபக்கமும் பார், பாதுகாப்பு என்றால் போ. சிவப்பு விட்டு விட்டு எரிந்தால் முழுக்க நிறுத்து, பார்த்துவிட்டுப் போ. நிலையான மஞ்சள் என்றால் கோட்டுக்கு முன்னால் நிறுத்தத் தயாராகு. அது பச்சைக்கு வால் இல்லை, சிவப்புக்குத் தலை.

குறுகிய பாலத்தில் எதிர் வண்டி ஏறப்போகிறது என்றால் அது கடந்து வரும்வரை இந்தப் பக்கம் நிற்க வேண்டும். கரும்பு வெட்டும் பருவத்தில் நெல்லிக்குப்பம் பக்கம் போகும்போது நினைத்துக்கொள். கரும்பு டிராக்டர் பாலத்தில் ஏறிவிட்டால் அதனால் பின்னால் வர முடியாது, உன்னால் முடியும். அதே டிராக்டரை இரவில் ஓவர்டேக் செய்யும்போது முன்னால் சாலை தெளிவாகத் தெரியாவிட்டால் முந்தவே கூடாது, அதுவும் ஒரு கேள்வி. கரும்பு பக்கவாட்டில் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று இருட்டில் தெரியாது.

---

பரி நகர்ப் புதுவையான் | செவ்வாய், மதியம் 12.40

ரைடர் தம்பி எழுதியது எனக்கு அப்படியே நடந்தது. முதல் தடவை தவறிய 9 கேள்வியும் எனக்குத் தெரியாத பிரெஞ்சு விதி என்றுதான் நினைத்தேன். எடுத்துப் பார்த்தால் 5 கேள்வி எந்த ஊருக்கும் பொது. முன் வண்டிக்கும் நமக்கும் உள்ள இடைவெளி, கண்ணாடியைப் பார்க்கும் நேரம், பாதசாரி. அதில் ஒன்றுகூட மொழிப் பிரச்சினை இல்லை. புதுச்சேரியில் 9 வருஷம் யாரும் என்னிடம் கேட்காத கேள்விகள்.

மாஸ்டர் சொன்ன "தவறவே கூடாத கேள்விகள்" யோசனையை ஏற்கிறேன். 35-ஐ விட அது நம் ஊருக்குப் பொருந்தும்.

---

தேவனாம்பட்டினம் தையல் | சனி, மாலை 6.15

எல்லாருக்கும் சொல்லணும்னு ஓடி வந்தேன். தேறிட்டேன்! 50 ரூபா கட்டி, வீட்டுல, என் கையாலேயே. ஒண்ணே ஒண்ணுதான் தப்பு. இடது பக்கம் திரும்ப கையால எப்படி சைகை காட்டணும்னு படம். வலது கையை நீட்டி கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கமா சுத்தணுமாம். இடது பக்கம் திரும்பறதுக்கு வலது கையான்னு குழம்பிட்டேன்.

வெள்ளைக் கோல் திரும்ப வந்துச்சு மாஸ்டர். படிச்சதும் எங்க தெரு முனையில ஊதுபத்தி விக்கற தாத்தா முகம்தான் வந்துச்சு. யோசிக்கவே இல்ல, நிறுத்துன்னு போட்டேன்.

இப்ப ரெண்டு சந்தேகம். சின்னவ எட்டாவது படிக்கறா, எல்.எல்.ஆரை வச்சு அவளைப் பின்னாடி ஏத்திட்டு ஸ்கூலுக்குப் போகலாமா? எட்டு போடற தேர்வுக்கு எப்ப போகணும்?

---

முதலியார்பேட்டை மாஸ்டர் | சனி, மாலை 6.50

மனசு நிறைஞ்சுபோச்சு அம்மா.

சின்னவளை ஏற்றக் கூடாது. எல்.எல்.ஆர் காலத்தில் இரு சக்கர வண்டியில் பின்னால் உட்காரலாம் என்றால் அது லைசென்ஸ் உள்ள, உங்களுக்குக் கற்றுக்கொடுக்கும் ஒருவர் மட்டும். லைசென்ஸ் இருந்தால் பெரியவளை உட்கார வைத்து ஓட்டிப் பழகுங்கள். ஹெல்மெட் இரண்டு பேருக்கும். நாளைக்குச் சின்னவளை ஏற்றும்போது அவளுக்கும் கட்டாயம், 4 வயதுக்கு மேல் எல்லோருக்கும்தான்.

எல்.எல்.ஆர் கைக்கு வந்து 30 நாள் முடிந்த பிறகுதான் ஓட்டுநர் தேர்வு. எல்.எல்.ஆர் 6 மாதம் செல்லும், கடைசி வாரம்வரை விடாதீர்கள். தினமும் காலையில் ஆள் நடமாட்டம் இல்லாத மைதானத்தில் அரைமணி நேரம் எட்டு போடுங்கள். வளைவில் முன் சக்கரத்தைப் பார்க்காதீர்கள், போக வேண்டிய இடத்தைப் பாருங்கள்.

வண்டியில் முன்னாலும் பின்னாலும் எல் போர்டு வேண்டும். வெள்ளையில் சிவப்பு எழுத்து.

---

தேவனாம்பட்டினம் தையல் | சனி, இரவு 7.05

போர்டு கடையில வாங்கல மாஸ்டர். வெள்ளை ரெக்சின்ல சிவப்பு ரெக்சினை எல் மாதிரி வெட்டி நானே தைச்சுடலாம்னு இருக்கேன். அளவு ஏதாவது இருக்கா?

---

முதலியார்பேட்டை மாஸ்டர் | சனி, இரவு 7.20

இருக்கிறது. வெள்ளைத் துண்டு 18 சென்டிமீட்டர் சதுரத்துக்குக் குறையக் கூடாது. எழுத்து 10 சென்டிமீட்டர் உயரம், 2 சென்டிமீட்டர் தடிமன், அடிக்கோடு 9 சென்டிமீட்டர் அகலம். தையலுக்கு விடும் துணியை இதற்கு வெளியே விட்டுக்கொள்ளுங்கள். காற்றில் மடங்காமல் இருக்க உள்ளே ஒரு அட்டை வையுங்கள்.

---

தேவனாம்பட்டினம் தையல் | சனி, இரவு 9.40

ரெண்டும் தைச்சு முடிச்சாச்சு. சுத்தி ஒரு இன்ச் விட்டிருக்கேன். நாளைக்குக் காலைல அஞ்சரைக்கு சில்வர் பீச் ரோட்டுல பெரியவ கூட வர்றா.